சாட்சிக்கு அளவெடுத்தவர்

ஊழியம் செய்ய உலகத்தில் எத்தனையோ வழிகள் இருக்க, நம்முடைய மாஸ்டருக்கு வாய்த்தது மற்றவர்களின் பாவத்துக்கு அளவெடுத்து, வெட்டி, தைத்துக் கொடுக்கிற ஊழியம். இதைக் கேலி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவரை அனுப்பிய சபையின் ஆண்டறிக்கையில் இதே வேலை ‘வெளிநாட்டு இளம் சபைகளின் போதகர்களுக்குப் பயிற்சியும் ஆதரவும்’ என்று கௌரவமாக அச்சாகியிருக்கிறது. நாம் துணியைப் புரட்டி உள்பக்கத் தையலைக் காட்டுகிறோம், அவ்வளவுதான்.

மாஸ்டர் என்ற பட்டம் எந்தப் பல்கலைக்கழகமும் கொடுத்ததல்ல. சொந்த ஊரில் பெரிய தையல் கடையொன்றில் அவர் கட்டிங் மாஸ்டர். ஆளை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாலே போதும், டேப்பைத் தொடாமல் அளவு சொல்வார். ஒரு நாள் சபையில் போதகருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, முன்வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்த குற்றத்துக்காக இவரைப் பேச எழுப்பினார்கள். எழுந்தவர் பேசிய பேச்சில் பாடகர் குழு மொத்தமும் மூக்கைச் சிந்தியது. அன்றோடு தையல் கடை ஒரு மாஸ்டரை இழந்தது. கொஞ்ச காலம் கழித்து, கடல் தாண்டிய ஒரு நாட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நடுவே புதிதாக முளைத்திருந்த சின்னச் சின்னச் சபைகளின் போதகர்களைப் பயிற்றுவிக்க ஆள் தேடியபோது, போகிறேன் என்று வேறு யாரும் கை தூக்காத காரணத்தால், ஆண்டவருடைய சித்தம் இவர்மேல் மிகத் தெளிவாக வெளிப்பட்டது.

மாஸ்டரின் மனைவி மூட்டை கட்டும்போது தையல் மெஷினையும் சேர்த்துக் கட்டினார். “ஊழியம் ஊத்திக்கிச்சுன்னா சட்டை தைக்கலாம்” என்றார். அந்த அம்மாளுடைய விசுவாசத்தின் அளவு அது.

புது ஊரில் மாடியில் ஒரு வீடு. முன்னறையில் கரும்பலகை, மடக்கு நாற்காலிகள், மூலையில் துணி போர்த்திய மெஷின். சுற்று வட்டாரச் சபைகளின் போதகர்கள் மாதாமாதம் வந்து உட்காருவார்கள். லாரி ஓட்டியவர், முடி வெட்டியவர், பள்ளிக்கூடத்தில் மணி அடித்தவர் என்று எல்லோரும் நேற்றுவரை வேறு பிழைப்பில் இருந்தவர்கள். செத்த வீட்டில் எதைப் பேசக் கூடாது, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் எங்கே உட்காரக் கூடாது, சாப்பாடு ஆறுவதற்குள் ஜெபத்தை எப்படி முடிப்பது என்பதையெல்லாம் மாஸ்டர் சொல்லிக் கொடுத்தார். யாருக்காவது காய்ச்சல் என்றால் பஸ் பிடித்துப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனுஷன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இனிமேல் சொல்லப்போவதற்கு அது தேவைப்படும்.

அவர் கையின் தனி வேலைப்பாடு சாட்சி. சபையில் எழுந்து நின்று, ‘நான் இப்படிப்பட்டவனாக இருந்தேன், ஆண்டவர் என்னை மாற்றினார்’ என்று சொல்வார்களே, அந்தச் சாட்சிதான். அதற்கு மூன்று துண்டு என்பார் மாஸ்டர். முன்பு, திருப்பம், பின்பு.

“திருப்பம் யாருக்கும் ஒண்ணுதான். பின்புங்கறது வெள்ளைத் துணி, அதுல நமக்கு வேலையில்ல. முன்புதான் தம்பி சாட்சியோட உசுரு. அது நல்லா இருட்டா, நல்லா லூசா இருக்கணும். இறுக்கமா தைச்சா யாருக்கும் பத்தாது.”

இருட்டுத் துணிக்குக் கிராக்கி இருந்தது. தாய்ச் சபையின் ஆதரவுக் குழுச் செயலாளர், பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், போனில் அடிக்கடி சொல்வார்: “மாஸ்டர், சாட்சி உருக்கமா இருந்தாத்தான் நம்ம ஜனம் கண்ணைத் தொடைக்கும். கண்ணைத் தொடைச்ச கைதான் அப்புறம் பாக்கெட்டுக்குள்ள போகும்.”

இந்த ஏற்பாடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சோப்பு பாஸ்டர் வந்து சேர்ந்தார். சோப்பு கம்பெனியில் இருந்து ஊழியத்துக்கு வந்த இளைஞர். மற்றபடி யாருக்கும் சோப்பு போடத் தெரியாதவர். பேசினால் அவருக்கே பாதிதான் கேட்கும்.

“தம்பி, ரட்சிக்கப்படறதுக்கு முன்னாடி நீங்க எப்படி இருந்தீங்க?”

“பேக்கிங்ல இருந்தேன் மாஸ்டர்.”

“அது வேலை. பாவத்தைக் கேக்கறேன்.”

பாஸ்டர் யோசித்தார். “லீவே போட மாட்டேன்.”

“அது பாவமில்ல, வியாதி. குடி?”

“டீ.”

“பீடி, சிகரெட்டு?”

“இருமல் வரும் மாஸ்டர்.”

“யாரையாச்சும் கைநீட்டி அடிச்சது?”

“வாங்கியிருக்கேன்.”

மாஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்தார். “பாஸ்டர், உங்க வாழ்க்கைல உருப்படியா ஒரு பாவம்கூட இல்லையே! இதை வெச்சு நான் என்னத்தைத் தைக்கிறது? கைக்குட்டைகூட வராது போலிருக்கே!”

பாஸ்டருக்கு அவமானமாகிவிட்டது. மற்ற போதகர்களெல்லாம் கத்தி, கள்ளு, சீட்டு என்று கை நிறைய வைத்திருக்க, தான் மட்டும் வெறுங்கையோடு வந்து நிற்கிறோமே என்று கூனிப்போய், கடைசியில் ஒன்றைத் தேடி எடுத்தார். சின்ன வயதில் பக்கத்து வீட்டு மாமாவின் அலமாரியில் இருந்து ஒரு டார்ச் லைட்டை எடுத்து விளையாடிவிட்டுத் திரும்ப வைத்திருக்கிறார்.

மாஸ்டரின் கண் பளிச்சென்றது. “அலமாரில பூட்டு இருந்துச்சா?”

“தொங்கிட்டு இருந்துச்சு. பூட்டல.”

“பூட்டுன்னு ஒண்ணு இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு.”

“அப்போ பூட்டைத் தாண்டித்தான் உங்க கை உள்ள போயிருக்கு.”

“அப்படியும் சொல்லலாம்…”

சொல்லலாம் என்ற ஒரு வார்த்தை போதும், நல்ல கட்டிங் மாஸ்டருக்கு. முதல் அளவில் பூட்டு பூட்டிக்கொண்டது. அடுத்ததில் ஒரு கம்பி வந்தது. அதற்கடுத்ததில் அலமாரி கடையாகவும், சிறுவன் வாலிபனாகவும், டார்ச் லைட் ‘பொருள்கள்’ ஆகவும் வளர்ந்தன. ‘கடைக் கடையாகப் பூட்டை உடைத்துத் திரிந்தவன் நான்’ என்று சாட்சி கச்சிதமாக உட்கார்ந்தது.

“மாஸ்டர், இது பொய்யில்லையா?”

“பொய்யா? உள்ள மடிஞ்சிருந்த துணியை வெளிய இழுத்து விடறோம் தம்பி. இல்லாத துணியையா ஒட்டுப் போட்டோம்?”

சமையலறையில் இருந்து குரல் வந்தது. “ஏங்க, அந்தத் தம்பியப் பாத்தா ஊறுகா பாட்டில் மூடியத் திறக்கவே ரெண்டு ஆள் வேணும் போலிருக்கு. அவரு பூட்டைத் திறந்தாராக்கும்!”

மாஸ்டர் காதில் வாங்கவில்லை. வாங்காமல் இருக்க அவருக்குக் காரணம் இருந்தது. சாட்சி பலித்துவிட்டது. சோப்பு பாஸ்டரின் சபை, ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில், வாடகைக் கூடத்தில் கூடி வந்தது. படிக்கட்டுக்கு அடியில் ஓர் இஸ்திரிக் கடை. அதை வைத்திருந்தவர் ராத்திரியானால் தண்ணியில் மிதப்பவர், மேலே பாட்டுச் சத்தம் கேட்டால் கீழேயிருந்து வசவு அனுப்புகிறவர். மாடியிலிருந்து அந்தப் பூட்டுச் சாட்சி மைக்கில் ஒலித்த நாளில் வசவு நின்றது. அடுத்த ஞாயிறு ஆள் படியேறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பிறகு குடியும் நின்றது. “பாத்தியா?” என்று மாஸ்டர் மனைவியிடம் கேட்டார். அந்த அம்மாள் பார்த்தார்.

சபையின் ஆண்டு விழாவுக்குக் கட்டட உரிமையாளரை, அதாவது ஹார்டுவேர் கடை முதலாளியை, மரியாதைக்காக அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். சபை அவர் கூடத்தில் இருக்கிறது. அவர் முகம் கோணினால் சபை தெருவில் இருக்கும். மாஸ்டர் பின்னால் நின்று விரல்களால் தாளம் போட, சோப்பு பாஸ்டர் சாட்சியைத் தொடங்கினார். முதலாளி முதலில் கொட்டாவி விட்டார். ‘பூட்டு’ வந்ததும் கொட்டாவி பாதியில் நின்றது. ‘கடைக் கடையாக’ வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாஸ்டருக்குச் சந்தோஷம். ஒரு ஆத்துமா அசைகிறது என்று எண்ணினார். அசைந்தது ஆத்துமா அல்ல, ஞாபகம். சில வருஷங்களுக்கு முன் முதலாளியின் கடைப் பூட்டை யாரோ நெம்பித் திறந்து பித்தளைக் குழாய்களை மூட்டை மூட்டையாகத் தூக்கிப் போயிருந்தார்கள். ஆள் அகப்படவே இல்லை.

அடுத்த வாரம் சோப்பு பாஸ்டர் மூச்சிரைக்க மாஸ்டர் வீட்டு மாடி ஏறினார்.

“மாஸ்டர்! போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து போன்! இன்ஸ்பெக்டர் அம்மா என் சாட்சியைக் கேக்கணுமாம். வந்து அதை அப்படியே ஒருதரம் சொல்லுங்கன்னு சொன்னாங்க!”

இந்த இடத்தில் வேறெந்தத் தொழில் செய்கிறவனும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மாஸ்டர் கையைத் தட்டினார். “ஸ்தோத்திரம்! காக்கிச் சட்டைக்குள்ளயும் கதவு தெறக்குது பாருங்க! தம்பி, அங்க மெதுவா பேசிடாதீங்க. முன்புல நல்லா அழுத்தம் குடுங்க. எதையும் மறைக்காதீங்க!” அதோடு நிற்காமல் தாய்ச் சபைச் செயலாளருக்கும் போன் போட்டு, காவல் நிலையத்தில் ஊழியம் தொடங்கிவிட்டதாக மகிழ்ச்சிச் செய்தி சொன்னார்.

போகிற வழியில் பாஸ்டரின் வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தார்கள்.

“என்ன பாஸ்டர், விசேஷமா?” என்றார் இஸ்திரிக்காரர், சட்டையைத் தேய்த்துக்கொண்டே.

“ஸ்டேஷன்ல சாட்சி சொல்லப் போறாரு. அந்தப் பூட்டு உடைச்ச சாட்சி!” என்றார் மாஸ்டர் பெருமையாக.

இஸ்திரிப் பெட்டி நின்றது. காலர் மேல் நின்ற பெட்டி எழவில்லை. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் இஸ்திரிக்காரர் விழித்துக்கொண்டு தூக்கினார். காலரில் பெட்டியின் முனை அளவுக்குப் பழுப்பாக ஒரு தழும்பு. அவர் கையில் ஒரு துணி கருகி யாரும் பார்த்ததில்லை. “மன்னிச்சிருங்க பாஸ்டர்” என்றவரின் குரலும் கருகித்தான் இருந்தது. நேரமாகிவிட்டதால் அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு பாஸ்டர் கிளம்பினார்.

மத்தியானம் ஆகியும் ஆள் திரும்பவில்லை. மாஸ்டரம்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

“ஏங்க, போலீஸ்காரங்க எந்தச் சாட்சியைக் கேப்பாங்க?”

“எந்தச் சாட்சின்னா? சாட்சிதான்.”

“கோர்ட்டுல சொல்றதுக்கும் அதானேங்க பேரு?”

மாஸ்டர் எழுந்தார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடியதைத் தெருவே பார்த்தது.

ஸ்டேஷனில் மேஜைக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் அம்மாள், களைத்த கண்கள், ஆறிப்போன டீ. ஒரு பக்கம் ஹார்டுவேர் முதலாளி, கால்மேல் கால். மறுபக்கம் சோப்பு பாஸ்டர், பெஞ்சின் நுனியில். சொன்னபடியே எதையும் மறைக்காமல், நல்ல அழுத்தத்தோடு, முழுச் சாட்சியையும் சொல்லி முடித்திருந்தார். காவலர் ஒருவர் அதை வரி விடாமல் எழுதி முடித்திருந்தார்.

“நீங்க யாரு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நான் இவருக்குப் பயிற்சி குடுக்கறவன் மேடம்.”

“எதுக்குப் பயிற்சி? பூட்டு உடைக்கவா?”

“சாட்சிக்கு மேடம். வந்து… அந்தப் பூட்டை நான்தான் வெச்சேன்.”

“எங்க வெச்சீங்க? எந்தக் கடையில?”

“கடையில இல்ல மேடம், கதையில. இவரு எடுத்தது ஒரு டார்ச் லைட்டு. அதையும் திருப்பி வெச்சிட்டாரு. நான்தான் கொஞ்சம் உள்ள துணி விட்டு…”

“பாத்தீங்களா மேடம்!” முதலாளி துள்ளினார். “மேடையில உண்மைன்னு சொன்னது ஸ்டேஷன்ல பொய்யாப் போச்சாம். அங்க பொய் சொன்ன ஆளு இங்க மட்டும் உண்மை பேசுறாரா? இவங்க ஆளைக் காப்பாத்தக் கதை விடறாங்க!”

அதில் நியாயம் இருந்தது. மாஸ்டர் வாழ்நாளில் சொன்ன முதல் ஒட்டு வைக்காத சாட்சி அது. ஒருத்தரும் நம்பவில்லை.

இன்ஸ்பெக்டர் பாஸ்டர் பக்கம் திரும்பினார். “இங்க பாருங்க. எனக்கு உங்க சபை பாஷை புரியாது. இங்க சாட்சின்னா நடந்ததைச் சொல்றது. கூட ஒரு நூல் சேத்தாலும் தப்பு. நீங்க சொன்னது உண்மைன்னா இன்னைக்கே கோர்ட்டு, அப்புறம் ஜெயிலு. பொய்ன்னா பொய்ன்னு உங்க வாயால சொல்லுங்க, வீட்டுக்குப் போலாம். எது?”

பாஸ்டர் பெஞ்சின் நுனியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லுங்க தம்பி!” என்றார் மாஸ்டர். பாஸ்டர் தரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் சலிப்போடு கைகாட்ட, மாஸ்டர் அவரை வராந்தா பெஞ்சுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“என்ன தம்பி இது, தலைக்கு மேல கத்தி தொங்குது! பொய்யின்னு ஒரு வார்த்தை. நான் தைச்சது, பழி என்மேல போடுங்க. சபைக்காரங்க என்ன நினைப்பாங்கன்னு பாக்கறீங்களா?”

“அதுவும்தான் மாஸ்டர்.” வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார். “ஆனா அதுக்காக இல்ல. இந்தப் பூட்டை நான் உடைக்கலன்னா, வேற யாரு உடைச்சாங்கன்னு தேடுவாங்க.”

“தேடட்டுமே.”

“தேட வேணாம் மாஸ்டர். ஒருத்தர் என்கிட்ட வந்து அழுதாரு. ‘பூட்டை உடைச்ச நீங்களே மாறிட்டீங்க, நான் மாற முடியாதா’ன்னு கேட்டாரு. கீழ் கடையில குழாய் எடுத்ததையும் சொன்னாரு. நான் பொய்யின்னு சொன்னா, அவரை நானே பிடிச்சுக் குடுத்த மாதிரி. அதோட அவரு நம்பி வந்ததும் பொய்யாப் போயிடும்.”

யார் என்று அவர் சொல்லவில்லை. மாஸ்டர் கேட்கவும் இல்லை. காலரில் இருந்த பழுப்புத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கட்டுக்கு அடியில் நின்றுபோன இஸ்திரிப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. தான் ஒட்டிய ஒரு துண்டு இருட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் கரையேறியிருக்கிறான். இப்போது துணியை விட்டால் அவன் போவான், பிடித்தால் இவன் போவான். எத்தனையோ சட்டையைப் பிரித்துத் தைத்தவருக்கு இந்தத் தையலை எங்கே பிரிப்பது என்று தெரியவில்லை.

அதற்குள் சேதி பரவிச் சபையே ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிட்டது. வந்தவர்கள் சும்மா நிற்பார்களா? சுவரோரமாகக் கூடி ஜெபத்தைத் தொடங்கினார்கள்.

உள்ளே இன்ஸ்பெக்டர் பொறுமையிழந்து இருவரையும் திரும்பக் கூப்பிட்டு, இழுப்பறையைத் திறந்து, பழைய வழக்கு ஒன்றில் பிடித்த பெரிய பூட்டையும் ஒரு கம்பியையும் மேஜைமேல் வைத்தார். “பேசி ஆகப்போறதில்ல. கடைக் கடையா உடைச்சவர்தானே? இதைத் திறங்க, பாப்போம். திறந்தா உள்ள. திறக்கலன்னா யோசிக்கலாம்.”

“வேணும்னே திறக்காம இருப்பான் மேடம்” என்றார் முதலாளி.

“திறக்கத் தெரியாத கை எது, தெரிஞ்சு நடிக்கிற கை எதுன்னு எனக்குத் தெரியும்.”

ஆனால் பாஸ்டர் நடிக்கத்தான் செய்தார், நேர்மாறாக. திறந்தே தீருவது என்று முனைந்தார். கம்பியைச் செருகினார், திருகினார், முகம் சிவக்க நெம்பினார். எழுதி முடித்த காவலர்கூடப் பேனாவை வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து குனிந்தார். ஊறுகாய் பாட்டிலைப் பற்றி மனைவி சொன்னது வேதவாக்காகட்டும் என்று மாஸ்டர் மனதுக்குள் மன்றாடினார். ‘ஆண்டவரே, திறக்கக் கூடாது. இந்தப் பூட்டு திறக்கவே கூடாது.’

அதே நேரம் ஜன்னலுக்கு வெளியே, விவரம் தெரியாத சபை உச்சக் குரலில் எழும்பியது. “எல்லாப் பூட்டையும் திறந்தருளும் ஆண்டவரே! இப்பவே திறந்தருளும்!”

ஒரே பூட்டுக்கு இரண்டு பக்கமும் விண்ணப்பம் போய்க்கொண்டிருந்தது. மேலே எதை முதலில் எடுத்துப் பார்ப்பார்களோ என்று மாஸ்டருக்கு வேர்த்துக் கொட்டியது. கம்பி வழுக்கிப் பாஸ்டரின் விரலைக் கிழித்தது. ரத்தம் மேஜைமேல் சொட்டியது. அவர் துடைத்துக்கொண்டு மறுபடியும் செருகினார். பூட்டுக்குள் ஏதோ ‘டிக்’ என்றது. முதலாளி எழுந்துவிட்டார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்படி இல்ல பாஸ்டர். கம்பிய மேல தூக்குங்க.”

ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது குரல். ஜெபம் ஒவ்வொரு குரலாக அடங்கியது. எல்லோரும் திரும்பினார்கள். இஸ்திரிக்காரர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்லிவிட்டோமே என்ற திகைப்பு அவர் முகத்தில் இருந்தது. யாராவது ஒருவர் இருமியிருந்தால்கூட ஓடியிருப்பார். யாரும் இருமவில்லை. அவர் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்.

“விடுங்க பாஸ்டர், உங்களுக்கு வராது” என்று அவர் கையிலிருந்து கம்பியை வாங்கினார். வளைத்தார், செருகினார், தூக்கினார். பெரிய பூட்டு கொட்டாவி விடுவது போலத் திறந்துகொண்டது.

“ஐயையோ அண்ணே…” என்றார் பாஸ்டர்.

“நீங்க சும்மா இருங்க. எனக்காக நீங்க உள்ள போனா, நான் வெளிய என்னத்தைத் தேய்க்கிறது?” இஸ்திரிக்காரர் இன்ஸ்பெக்டரைப் பார்த்து நின்றார். “மேடம், எழுதிக்குங்க. இவரு கடையில குழாய் எடுத்தது நான். எடைக்குப் போட்டேன். குடிச்சேன். இப்போ குடிக்கிறதில்ல.”

அவ்வளவுதான். முன்பு, திருப்பம், பின்பு, மூன்றும் இருந்தன. மாஸ்டருக்குப் பழக்கதோஷத்தில் கை பரபரத்தது. எங்கே பிடித்து எங்கே விடலாம் என்று பார்த்தார். ஓர் இடமும் அகப்படவில்லை. முதல்முறையாக அவருக்குத் தன் தொழில்மேல் கூச்சம் வந்தது.

“மேடம்,” என்றார் பாஸ்டர், இந்த முறை எல்லோர் காதிலும் விழும்படி. “நான் சொன்னது பொய். நான் எந்தப் பூட்டையும் உடைக்கல.”

“அது எனக்குத் தெரியும்” என்றார் இன்ஸ்பெக்டர், அவர் விரலைப் பார்த்துக்கொண்டே.

முதலாளி இன்னும் நின்றுகொண்டேயிருந்தார். “இத்தனை வருஷமா என் சட்டையெல்லாம் உன்கிட்டதானேய்யா தேய்க்கக் குடுத்தேன்!”

“அதான் அண்ணே, உங்களது மட்டும் ரெண்டுதரம் தேய்ப்பேன்.”

வழக்கு எழுதத்தான் வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். எழுதினார். கோர்ட்டு கூப்பிடும்வரை வெளியே விட வேண்டுமானால், உள்ளூரில் சொத்துள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார். மாஸ்டர் முன்னே வந்தார், வெளிநாட்டுக்காரர், செல்லாது. பாஸ்டருக்குச் சொத்து கிடையாது. சபையில் யாருக்கும் கிடையாது. அந்த அறையில் சொத்துள்ளவர் ஒரே ஒருவர். எல்லோருடைய பார்வையும் அவர்மேல் போய் உட்கார்ந்தது.

முதலாளி கூரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கடைசியில் தன் சட்டையைப் பார்த்தார்.

“எங்க கையெழுத்து போடணும்?”

“புகார் குடுத்தவரே ஜாமீனா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“என் நல்ல சட்டையெல்லாம் இவன் கடையில இருக்கு மேடம். இவனை உள்ள வெச்சுட்டு நான் எதைப் போட்டுக்கிட்டுக் கோர்ட்டுக்கு வர்றது?” என்று எரிந்து விழுந்தபடியே கையெழுத்துப் போட்டார். “ஆனா குழாய் குழாய்தான். விடமாட்டேன்!”

அந்த வாரமே செயலாளரிடமிருந்து போன் வந்தது. “மாஸ்டர், கேள்விப்பட்டேன்! என்னா சாட்சி! அந்த இஸ்திரிக்காரரோடத நம்ம ஆண்டு விழாவுக்கு அனுப்புங்க. ஆனா குழாய்ன்னு சொன்னா எடுபடாது. கொஞ்சம் விரிச்சு…”

“பித்தளைக் குழாய்தாங்க ஐயா.”

“அது சரி, உள்ள துணி இல்லாமலா போயிடும்?”

“இல்லீங்க ஐயா. அவரு ஒட்ட வெட்டிக் குடுத்துட்டாரு.”

“அப்போ ஆதரவு விஷயத்தைக் குழு மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும் மாஸ்டர். ஏற்கெனவே ஸ்டேஷன் ஊழியம்னு அறிவிச்சு வேற வெச்சிருக்கோம்.”

“யோசிங்க ஐயா” என்று சொல்லிப் போனை வைத்த மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி மெஷின்மேல் கிடந்த துணியை எடுத்துவிட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“அந்தத் தம்பி சட்டைய வாங்கிட்டு வாங்க. காலரைத் திருப்பித் தைச்சா தழும்பு தெரியாது.”

“வேணாம்” என்றார் மாஸ்டர். “தெரிஞ்சிட்டுப் போகட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை ஹார்டுவேர் கடை மாடியில் கூடம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் கேட்க வந்தவர்கள், பாதிப் பேர் கேட்டுவிட்டுப் போய்விட வந்தவர்கள். பூட்டு உடைத்த பாஸ்டர் என்றுதான் அவரை அவர்கள் நம்பியிருந்தார்கள். அந்தப் பூட்டே இல்லையென்றால் மிச்சம் என்ன இருக்கிறது என்று படிக்கட்டிலேயே பேச்சு நடந்தது. முன்வரிசையில் முதலாளி, மடிப்புக் கலையாத சட்டையில், யாரும் அழைக்காமலேயே வந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் மாஸ்டர், கையைக் கட்டிக்கொண்டு. தாளம் போட விரல்களுக்கு வேலை கொடுக்கவில்லை.

கருகிய காலரோடு பாஸ்டர் எழுந்து நின்றார். விரலில் கட்டு.

“நான் உங்ககிட்ட சொன்ன சாட்சி பொய். என்னை மன்னிச்சிருங்க. உண்மையான சாட்சி இதுதான்.” காலரை இழுத்து விட்டுக்கொண்டார். “சோப்பு கம்பெனில பேக்கிங்ல இருந்தேன். லீவே போட மாட்டேன்.”

எல்லோரும் காத்திருந்தார்கள். மேற்கொண்டு ஒன்றும் வரவில்லை. கூடத்தில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. யாரோ எழப் பார்க்கிறார்கள் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

கடைசி வரிசையில் இருந்து இஸ்திரிக்காரர் கூடமே அதிரும்படி குரல் கொடுத்தார்.

“ஆமென்!”

முன்வரிசையில் முதலாளி திரும்பி அவரை முறைத்தார். முறைத்துவிட்டு, வேறு வழியில்லாதவர் போல, அவரும் மெல்லச் சொன்னார். எழுந்த நாற்காலி மறுபடியும் கிறீச்சிட்டு உட்கார்ந்தது.